வண்ணப்பட்டை இழுப்பவர்

வண்ணப்பட்டை இழுப்பவர் என்று ஓர் இனம் உண்டு. சரணாலயம் அமைத்துக் காப்பாற்ற வேண்டிய இனமல்ல. தானாகவே அமோகமாகப் பெருகிக்கொண்டிருக்கிறது. புனேயில் ஹிஞ்சவடிப் பக்கம் ஏதாவது ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழைந்து, பெரிய திரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, பெற்ற பிள்ளை முதல் அடி எடுத்து வைப்பதைப் பார்க்கிற முகத்தோடு நிற்பவர் யாரென்று பாருங்கள். அவர்தான். திரையில் இடது ஓரம் ஆட்களின் பெயர்கள், மேலே தேதிகள், நடுவே நீலம், மஞ்சள், பச்சை என்று படுக்கைவாட்டில் பட்டைகள். யார் எந்த வேலையை என்றைக்குத் தொடங்கி என்றைக்கு முடிக்க வேண்டும் என்று அந்தப் பட்டைகள் சொல்கின்றன. அவர் மவுஸால் ஒரு பட்டையைப் பிடித்து இரண்டு நாள் வலப்பக்கம் இழுக்கிறார். இழுத்துவிட்டு ஓர் அடி பின்னால் போய்ப் பார்க்கிறார். அன்றைக்கு அவர் வேலை அவ்வளவுதான்.

இந்த இனத்துக்கு மாதிரியாக நாம் எடுத்துக்கொள்ளப் போகிறவர் திருவாளர் சுந்தரராமன். வயது நாற்பத்தாறு, பூர்வீகம் கும்பகோணம் பக்கம், வீடு புனே ஔந்தில் மூன்றாவது மாடி, உத்தியோகம் ஆறு பேர் கொண்ட ஒரு மென்பொருள் குழுவுக்கு மேனேஜர். கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். தங்கமான மனிதர். யாரையும் ஒரு வார்த்தை அதட்டிப் பேசியதில்லை. குழுவில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் மறக்காமல் கேக் வரவழைத்து, மூன்று மணி பத்து நிமிஷத்திலிருந்து மூன்று இருபத்தைந்து வரை 'கேக்' என்று ரோஸ் நிறத்தில் ஒரு பட்டை போட்டு, மூன்று இருபத்தாறுக்கு எல்லோரையும் இடத்துக்கு அனுப்பிவிடுவார்.

அந்தப் பட்டைச் சார்ட்டில் ஆறு பேருக்கு ஆறு வரிசை. குழுவில் இதற்கு ரங்கோலி என்று பெயர். அவர் காதுபடச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

தினமும் காலை ஒன்பதரைக்கு நின்றுகொண்டே ஒரு கூட்டம். நின்றால் கால் வலிக்கும், கால் வலித்தால் பேச்சு குறையும், பேச்சு குறைந்தால் பதினைந்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்பது இதைக் கண்டுபிடித்தவர்களின் கணக்கு. பாவம், அவர்கள் சுந்தரராமனின் கால்களைப் பார்த்ததில்லை. ஞாயிறுதோறும் சிங்ககட் கோட்டைக்கு ஏறி இறங்குகிற கால்கள் அவை. ஐம்பது நிமிஷம் அசையாமல் நிற்பார். வேலை எப்படிப் போகிறது, எங்கே சிக்கல், யாராவது கைகொடுக்க வேண்டுமா என்பது போன்ற அநாவசியக் கேள்விகள் எதுவும் அவரிடம் கிடையாது. வரிசையாக ஆறு பேரையும் பார்த்து ஒரே கேள்விதான்.

"எத்தனை பர்சன்ட்?"

குழுவில் ஸ்நேஹா என்று ஒரு பெண். அப்பா மராட்டியர், அம்மா திருநெல்வேலி. தமிழைத் தடவித் தடவிப் பேசுவாள், மூளை மட்டும் தடவாது. நான்கு வருஷத்துக்கு முன் சேர்ந்த புதிதில் வெகுளியாக உண்மையைச் சொல்லிவிட்டாள். "நூறு சார், முடிஞ்சிருச்சு" என்றாள். அடுத்த நிமிஷம் அவள் வரிசையில் தொப் தொப்பென்று மூன்று புதிய பட்டைகள் வந்து விழுந்தன. இன்னொரு நாள் "ஐம்பது" என்றாள். ஐம்பது ஏன் எழுபது ஆகவில்லை என்று ஆராய சுந்தரராமன் இரண்டு மணி நேரக் கூட்டம் போட்டார். அந்த இரண்டு மணி நேரமும் ஐம்பது ஐம்பதாகவே இருந்தது. அதற்குப் பிறகு அவளுக்குப் புத்தி வந்தது. நேற்று தொடங்கியதோ, போன மாதமே முடித்ததோ, எந்த வேலையைக் கேட்டாலும் ஒரே பதில்.

"எண்பது சார்."

எண்பது என்பது எப்பேர்ப்பட்ட எண் தெரியுமா? கிட்டத்தட்ட முடிந்துவிட்ட மாதிரியும் இருக்கும், இன்னும் கொஞ்சம் தொந்தரவு செய்யாமல் விட்டால் தேவலை என்கிற மாதிரியும் இருக்கும். அவளைப் பார்த்து அமல்ராஜ் கற்றுக்கொண்டான், அமல்ராஜைப் பார்த்து மற்ற நால்வரும் கற்றுக்கொண்டார்கள். இப்போது ஆறு பேரும் எப்போதும் எண்பதிலேயே இருக்கிறார்கள். சுந்தரராமனுக்கு இதில் தாங்க முடியாத பெருமை. "என்ன ஒரு ஒத்துமை பாரு என் டீம்ல" என்று வீட்டில் மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்.

சார்ட்டைத் தினமும் புதுப்பிக்க வேண்டுமல்லவா? அதற்காக ஆளுக்கு அரை மணி நேரப் பட்டை ஒன்று போட்டார். ஆறு அரை மணி, நாளுக்கு மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரத்தால் மற்ற வேலைகள் பின்தங்கின. பின்தங்கிய பட்டைகள் சிவப்பாயின. ஏன் சிவப்பாயின என்று கண்டுபிடிக்க 'தாமத ஆய்வு' என்று ஊதாவில் ஒரு பட்டை போட்டார். அதனால் இன்னும் நான்கு சிவந்தன. அவர் சளைக்கவே இல்லை. மனிதருக்கு அந்த விஷயத்தில் அசாத்தியப் பொறுமை.

அவருக்குப் பிடிக்காத நிறங்கள் இரண்டுதான். முதலாவது வெள்ளை. ஒருவன் வரிசையில் ஒரு பட்டைக்கும் அடுத்த பட்டைக்கும் நடுவே அரை நாள் வெள்ளையாகத் தெரிந்தால் போதும், பல்லில் பாக்குத் துணுக்கு மாட்டிக்கொண்ட மாதிரி நிலைகொள்ளாமல் தவிப்பார். உடனே 'அறிவுப் பகிர்வு' என்று ஒன்று போட்டு அடைப்பார். அப்படியும் இடம் மிஞ்சினால் 'உபரி நேரம்'. அதற்கும் பிறகு மிஞ்சினால் 'உபரி நேரத்துக்கு உபரி'. சத்தியமாகச் சொல்கிறேன், நானே பார்த்தேன். நாலு மணிக்கு ஸ்நேஹாவும் அமல்ராஜும் கீழே அம்ருத்துல்யா டீக்கடைக்குப் போய் அரை டம்ளர் கட்டிங் டீ குடித்து வருவதற்குக்கூட 'நீர்ச்சத்து' என்று பன்னிரண்டு நிமிஷத்துக்கு ஒரு பட்டை இருந்தது.

இரண்டாவது, சாம்பல். சாம்பல் என்றால் லீவு. வெள்ளையையாவது அடைக்கலாம், சாம்பலை என்ன செய்வது? அதன் பக்கமே பார்வையைக் கொண்டுபோக மாட்டார்.

வீட்டில் மட்டும் சும்மா இருப்பாரா? ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சார்ட். மனைவி ஸ்ரீலக்ஷ்மி வங்கி அதிகாரி. நாள் முழுக்கக் கட்டங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர், வீட்டிலும் கட்டத்தைப் பார்த்தால் எப்படி இருக்கும்? ஒரு சனிக்கிழமை சுந்தரராமன் சமையலறை வாசலில் நின்றுகொண்டு கேட்டார்.

"மாவு எத்தனை பர்சன்ட் புளிச்சிருக்கு?"

"என்னது?"

"ஊறப் போடறது முடிஞ்சது, அரைக்கறது முடிஞ்சது. புளிக்கறது மட்டும் அப்டேட் ஆகலை. அது முடிஞ்சாத்தானே இட்லிப் பட்டையை ஆரம்பிக்க முடியும்?"

"ஏன்னா, மூடியைத் திறந்து மோந்து பாருங்கோ. என்னைக் கேட்டா நான் எப்படிச் சொல்றது? மாவுக்கு வாய் இருந்தா அதுவே எண்பதுன்னு சொல்லும்."

எண்பதின் ரகசியம் ஸ்ரீலக்ஷ்மிக்கு எப்படித் தெரிந்தது என்கிறீர்களா? வங்கியிலும் பட்டை இழுக்கிறவர்கள் இருக்கிறார்கள் ஐயா. சுந்தரராமனுக்குத்தான் அது புரியவில்லை. 'புளிப்பு: 80' என்று குறித்துக்கொண்டு போய்விட்டார்.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் அமல்ராஜுக்குக் கல்யாணம் வந்தது.

அமல்ராஜ் புனே ஏரவாடாப் பையன். அப்பா கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெண் எஸ்தர், நிக்டியில் பள்ளி ஆசிரியை. நவம்பர் இருபத்தாறு புதன்கிழமை கோயிலில் திருமணம். இருபத்துநாலு முதல் டிசம்பர் ஐந்து வரை பத்து வேலை நாட்கள் லீவு வேண்டும் என்று செப்டம்பரிலேயே கேட்டான். சுந்தரராமன் அவன் கொடுத்த மாவா கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டே, "தாராளமா போயிட்டு வாப்பா" என்று சொல்லி, சாம்பல் நிறத்தில் 'மேரேஜ்' என்று பட்டையும் போட்டார்.

போட்டவர் ஒரு காரியம் செய்யாமல் விட்டார். அசையக் கூடாத பட்டைக்குப் பூட்டுப் போடும் வசதி அந்த மென்பொருளில் உண்டு. பூட்டினால் பட்டையின் மேல் கறுப்பாகக் குட்டிப் பூட்டு ஒன்று வந்து உட்காரும். அது சார்ட்டின் அழகைக் கெடுக்கிறது என்று அவர் எதையுமே பூட்டுவதில்லை.

இப்போது அவர்கள் செய்துகொண்டிருந்த வேலை, குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கிறவர்களுக்கான ஒரு செயலி. டிசம்பர் ஐந்து மாலை வாடிக்கையாளர் கையில் கொடுத்தாக வேண்டும். சிக்னல் கிடைக்காத இடத்தில் பதிந்த விவரம் பிறகு தானாகப் போய்ச் சேருகிற பகுதி அமல்ராஜுடையது. நவம்பர் பத்தாம் தேதி வாடிக்கையாளர் புதிதாக ஒன்றைக் கேட்டார். எல்லாம் ஒரு வாரம் வலப்பக்கம் நகர்ந்தது. அமல்ராஜின் நீலப் பட்டைகள் நகர்ந்துபோய் அவனுடைய கல்யாணத்தின் மேல் ஏறி உட்கார்ந்தன. வரிசை முழுக்க ஒரே சிவப்பு.

வெள்ளிக்கிழமை மும்பையிலிருந்து டைரக்டர் ஷீலா சார்ட்டைப் பார்க்க வருகிறார். அவர் முன்னால் சிவப்பா? சுந்தரராமன் 'சமன் செய்' என்ற பொத்தானை அமுக்கினார். எங்கே வேலை குவிந்திருக்கிறதோ அதைக் காலியான இடம் பார்த்து மென்பொருளே தள்ளி வைத்துவிடும், அதுதான் அந்தப் பொத்தான். மென்பொருளுக்கு எல்லாப் பட்டையும் பட்டைதான். நீலத்தை அப்படியே விட்டுவிட்டு, பூட்டில்லாத சாம்பலைத் தூக்கி ஒரு வாரம் தள்ளி வைத்தது. சார்ட்டில் சிவப்பு மறைந்தது. சுந்தரராமன் நிம்மதியாகக் காபி குடிக்கப் போனார்.

மென்பொருள் அதோடு விடவில்லை. சம்பந்தப்பட்டவருக்குத் தகவல் அனுப்புகிற நல்ல பழக்கம் அதற்கு உண்டு. பத்து நிமிஷத்தில் அமல்ராஜ் போனை நீட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"சார், இதுக்கு என்ன மத்லப்? என் மேரேஜை டிசம்பர் மூணுக்கு மாத்தியாச்சுன்னு மெசேஜ் வந்திருக்கு. முன்னேற்றம் ஜீரோ பர்சன்ட்னு வேற போட்டிருக்கு."

"உட்காருப்பா. பதட்டப்படாதே. இது சும்மா ஒரு உத்தேசம்தான்."

"என் கல்யாணம் உத்தேசமா சார்?"

"ஒரு வாரம்தானேப்பா. இருபத்தாறும் புதன், டிசம்பர் மூணும் புதன். கிழமைகூட மாறலை பாரு."

"சார், கோயில்ல ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. வர்ற ஞாயிறு மூணாவது ஓலை."

இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று மூன்று ஞாயிறு பூசையில் அறிவிப்பார்கள். அதைத்தான் ஓலை என்றான். அமல்ராஜ் இதை விளக்கியதும் சுந்தரராமன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தடை இருந்தா யார் வேணா சொல்லலாமா?"

"ப்ராஜெக்ட் ரிலீஸெல்லாம் அதுல வராது சார்."

"இல்லப்பா, நாலாவதா ஓர் ஓலை வாசிச்சு, தேதி மாறியிருக்குன்னு..."

"சார், நவம்பர் முப்பதுக்கு ஆகமன காலம் ஆரம்பிச்சிரும். அப்புறம் கிறிஸ்மஸ் முடியற வரைக்கும் எங்க பங்குக் கோயில்ல கல்யாணம் வைக்க மாட்டாங்க. எஸ்தர் வீட்ல நிக்டி பூரா பத்திரிகை குடுத்து முடிச்சாச்சு. ஊர்ல இருந்து நாப்பது பேர் ட்ரெயின்ல வர்றாங்க. அவங்க எல்லாரையும் எந்தப் பொத்தானை வெச்சு சார் நான் தள்றது?"

சுந்தரராமன் மிகுந்த பரிவோடு, கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டார். "சரி, கல்யாணத்துல உன் பங்கு மட்டும் எவ்வளவு நேரம் வரும்?"

"பூசை ஒண்ணரை மணி நேரம் சார்."

"மோதிரம், தாலி எல்லாம் அதுக்குள்ளேயேவா?"

"அதுக்குள்ளேயேதான்."

"அப்போ மீதி ஒன்பதே முக்கால் நாள் வெள்ளையாத்தானே இருக்கு?"

நாலு வருஷமாக 'சார்' போட்டுத் தலையாட்டியவன் எழுந்து நின்றான்.

"சார், வெள்ளிக்கிழமை ரிவ்யூ முடியற வரைக்கும் பாக்கறேன். அதுக்கப்புறமும் என் கல்யாணம் டிசம்பர் மூணாவே இருந்துச்சுன்னா பேப்பர் போட்டுட்டுப் போயிடறேன். அந்தப் பட்டைக்கு என்ன கலர்னு நீங்களே பாத்துக்குங்க."

சொல்லிவிட்டு நாலு மணி ஆகும் முன்பே டீ குடிக்கப் போய்விட்டான். நீர்ச்சத்துப் பட்டைக்கு இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது.

அமல்ராஜ் வேலையை விட்டால் அந்தப் பகுதியைத் தொட ஆள் கிடையாது. போகட்டும், அது மட்டுமா? பையனைச் சுந்தரராமனுக்கு உண்மையிலேயே பிடிக்கும். அவன் கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போக ஸ்ரீலக்ஷ்மி பைத்தணிப் புடவைகூட எடுத்து வைத்துவிட்டார். சரி, அமல்ராஜின் வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று மற்ற ஐந்து வரிசைகளையும் பார்த்தார். எள் விழ இடமில்லை. அறிவுப் பகிர்வு, உபரி நேரம், தாமத ஆய்வு, உபரி நேரத்துக்கு உபரி. இதில் எதையாவது அழித்தால் வெள்ளை தெரியும். ஐந்து பேரும் நூற்றுக்கு நூறு வேலையில் மூழ்கியிருக்கிறார்கள் என்று ஷீலாவுக்கு மாதாமாதம் அறிக்கை அனுப்பியிருப்பவர் இவர்தான். தன் கையால் அடைத்த ஓட்டைகளைத் தானே திரும்பத் திறக்க அவருக்கு மனம் வரவில்லை. இழுத்தார், இழுத்தார், மூன்று நாள் இழுத்தார். கல்யாணம் டிசம்பர் மூன்றை விட்டு நகரவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. ஷீலாவும் வந்தார். மாதுங்காவில் வளர்ந்த தமிழர். ஆபீசில் ஆங்கிலம்தான் பேசுவார். அவருக்குத் தமிழ் வந்தால் கோபம் வந்துவிட்டது என்று அர்த்தம். இது கம்பெனியில் காவலாளி வரைக்கும் தெரியும். ஸ்நேஹா லேப்டாப்பில் சார்ட்டைத் திறந்து பெரிய திரையில் காட்ட, சுந்தரராமன் பக்கத்தில் நின்று விளக்கினார். கடைசி வரிசையில் அமல்ராஜ் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஷீலா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். டிசம்பர் மூன்றில் இருந்த சாம்பல் பட்டையைக் காட்டி, இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். அமல்ராஜின் திருமணம், ஒரு வாரம் நகர்த்தப்பட்டிருக்கிறது என்று சுந்தரராமன் ஆங்கிலத்தில் சொன்னார். யார் நகர்த்தியது என்று ஷீலா கேட்டார். சிஸ்டம் என்றார் சுந்தரராமன்.

ஷீலா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"கல்யாணத்தையா?" என்றார், தமிழில்.

ஷீலா மேலிருந்து கீழாகப் பெயர்களை ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணினார்.

"இந்த டீம்ல மொத்தம் எத்தனை பேர் சுந்தரராமன்?"

"என்னையும் சேர்த்து ஏழு பேர் மேடம்."

"இங்க ஆறு பேர்தான் இருக்கு. உங்க பேர் எங்க?"

"மேடம், நான்... இதைப் போடறவன்."

"போடறவருக்கு வரிசை கிடையாதா? ஸ்நேஹா, அவர் பேரையும் சேருங்க."

ஸ்நேஹா சேர்த்தாள். அவள் விரல் கொஞ்சம் சுறுசுறுப்பாகவே வேலை செய்ததாக எனக்குத் தகவல். ஏழாவது வரிசை வந்தது. சுந்தரராமன் என்று பெயர். பெயருக்கு வலப்பக்கம் நவம்பர் வெள்ளை, டிசம்பர் வெள்ளை, ஜனவரி வெள்ளை. இவ்வளவு வெள்ளையை அவர் வாழ்நாளில் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. அவசர அவசரமாக, "சார்ட் அப்டேட்னு தினம் அரை மணி போடும்மா" என்றார். போட்டாள். "சார்ட் சரிபார்ப்பு?" அதையும் போட்டாள். அப்புறம் போடுவதற்கு வேலை எதுவும் அகப்படவில்லை. மிச்சமிருந்த வெள்ளையில் ஒரு கல்யாணமே நடத்தலாம்.

"இப்ப அந்தச் சமன் செய்யற பொத்தானை அமுக்குங்க. அதுக்கு முன்னாடி அந்தக் கல்யாணத்தைப் பழைய தேதிக்குக் கொண்டுபோய்ப் பூட்டுங்க" என்றார் ஷீலா.

ஸ்நேஹா பூட்டினாள். அமுக்கினாள். கம்பெனியின் ஆள் பட்டியலில் சுந்தரராமன் இன்னும் 'சீனியர் டெவலப்பர்' என்றே இருந்தார். ஊரார் விவரத்தையெல்லாம் தினம் புதுப்பித்தவர் தன்னுடையதைப் பதினோரு வருஷமாகத் தொடவில்லை. மென்பொருளுக்கு அது போதாதா? அமல்ராஜின் நீலப் பட்டைகள் ஒவ்வொன்றாகக் கிளம்பி வந்து ஏழாவது வரிசையில் வரிசையாக இறங்கின. மொத்தம் பதினொன்று. சார்ட்டில் பொட்டுச் சிவப்பு இல்லை. சுந்தரராமனின் சட்டைப்பையில் போன் பதினொரு தடவை அடித்து ஓய்ந்தது.

"பர்ஃபெக்ட்" என்றார் ஷீலா. மறுபடி ஆங்கிலத்துக்கு வந்துவிட்டார்.

அமல்ராஜ் லீவில் போன திங்கட்கிழமை சுந்தரராமன் அவனுடைய வேலையைத் திறக்க உட்கார்ந்தார். அனுமதி வாங்கி, கடவுச்சொல் மாற்றி, லேப்டாப்பில் வேண்டியதை ஏற்றுவதற்குள் மாலையாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை கோப்புகளைத் திறந்து பார்த்தார். பதினோரு வருஷத்தில் உலகம் எங்கேயோ போயிருந்தது. கை தானாகச் சார்ட் பக்கம் போயிற்று. பதினோரு பட்டையையும் நாலு நாலாக வெட்டி நாற்பத்துநான்கு ஆக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்து அடுக்கி முடித்தபோது ஏதோ பெரிதாகச் சாதித்துவிட்ட திருப்தி வந்தது. புதன் கல்யாணம்.

மாலையில் ஏரவாடாவில் மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடையில் அமல்ராஜ் கோட்டு சூட்டில், பக்கத்தில் எஸ்தர் வெள்ளைக் கவுனைக் கழற்றிவிட்டுச் சிவப்புப் பட்டுக்கு மாறியிருந்தாள். வாழ்த்த வந்தவர்களின் வரிசையில் சுந்தரராமனும் ஸ்ரீலக்ஷ்மியும் நகர்ந்து நகர்ந்து மேலே போனார்கள். பின்னால் ஸ்நேஹா. சுந்தரராமன் பரிசைக் கொடுத்துக் கை குலுக்கியபோது மாப்பிள்ளை கையை விடவில்லை.

"சார், என் வேலை எத்தனை பர்சன்ட்?"

போட்டோக்காரர் சிரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். சுந்தரராமன் ஒரு நொடி எஸ்தரைப் பார்த்தார், ஒரு நொடி மனைவியைப் பார்த்தார்.

"எண்பது" என்றார்.

பின்னால் ஸ்நேஹா வாயைப் பொத்திக்கொண்டாள். அமல்ராஜ் குனிந்து அவர் காதருகே மரியாதையாகக் கேட்டான்.

"எங்களோட எண்பதா சார்?"

அந்த இடத்தில்தான், மண்டபமே பார்த்துக்கொண்டிருக்க, நான்கு வருஷத்து எண்பதுகளும் ஒட்டுமொத்தமாகச் சுந்தரராமனின் தலையில் இறங்கின. ஒவ்வொரு காலையும், ஒவ்வொரு ஆளும், ஒவ்வொரு எண்பதும். முகம் போன போக்கைப் போட்டோக்காரர் சரியாகப் பிடித்துவிட்டார். ஆல்பத்தில் எட்டாம் பக்கம் இருக்கிறது, வேண்டுமானால் பாருங்கள்.

"சாப்பிட்டுப் போங்க சார், வெஜ் தனியா வெச்சிருக்கு" என்றான் அமல்ராஜ்.

மறுநாள் காலை கூட்டம் நடக்கவில்லை. ஸ்நேஹா நாற்காலியை இழுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சார், நெஜமா எவ்ளோ?"

"மூணு" என்றார் சுந்தரராமன், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவள் சிரிக்கவில்லை, பாவம். மற்ற நாலு பேரையும் கூப்பிட்டாள். அறிவுப் பகிர்வையும் உபரியையும் உபரியின் உபரியையும் விட்டுத்தள்ளிவிட்டு ஆறு பேரும் உட்கார்ந்தார்கள். சுந்தரராமனுக்குக் கொடுத்தது சோதித்துப் பார்க்கிற வேலை; அதை நன்றாகவே செய்தார் என்று ஸ்நேஹாவே ஒப்புக்கொள்கிறாள். ஏழு வேலை நாள் யாரும் சார்ட்டைத் திறக்கவில்லை. திறக்க நேரமில்லை. டிசம்பர் ஐந்து மாலை ஐந்தேகாலுக்கு வேலை வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

மனிதர் திருந்திவிட்டார் என்று முடித்துவிடலாம் என்றுதான் எனக்கும் ஆசை. ஆனால் ஐந்தரைக்கு எல்லோரும் வடா பாவ் தின்னக் கீழே இறங்கியபோது அவர் மட்டும் இறங்கவில்லை. சார்ட்டைத் திறந்தார். அந்த ஏழு நாளும் நடக்காத பட்டைகளாகவே கிடந்தன. அவற்றை அழித்தார். யார் என்றைக்கு என்ன செய்தார்கள் என்று ஞாபகப்படுத்தி, நடந்து முடிந்த வேலைக்கெல்லாம் நடந்தபடியே பட்டை போட்டு, ஒவ்வொன்றையும் முடிந்ததாகக் குறித்து, ஓர் அடி பின்னால் போய்ப் பார்த்தார். திட்டம் போட்டதும் நடந்ததும் ஒரு மணி நேரம்கூடப் பிசகாமல் பொருந்தியிருந்தன. தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அவருக்கே கண் கலங்கியது.

திங்கட்கிழமை அமல்ராஜ் வந்தான். தன் வரிசையைப் பார்த்தான். 'மேரேஜ்: 100' என்று இருந்தது. அதற்கு அடுத்து, நூறு ஆனவர்களுக்கு எப்போதும் விழுகிற மாதிரி, மூன்று புதிய பட்டைகள் விழுந்திருந்தன. அமல்ராஜ் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தன் கல்யாணத்தை எண்பது என்று மாற்றினான். பட்டைகள் மூன்றும் மறைந்தன. ஸ்நேஹாவைக் கூட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களிடம் அந்த மென்பொருள் இல்லை, சரி. ஒரு சின்ன டைரி இருக்கிறதா? நாலு நிறத்தில் பேனா? போன வாரம் பால்காரருக்குப் போன் செய்து முடித்த பிறகு, 'பால்காரருக்குப் போன்' என்று பட்டியலில் எழுதி, எழுதிய கையோடு அடித்து, ஒரு பெருமூச்சு விட்டீர்களே, அது யார்? வீட்டில் ஆளுக்கொரு வேலை பிரித்து எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினீர்களே, அதில் உங்கள் பெயர் எத்தனையாவது வரிசையில் இருக்கிறது? போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன்.

இந்தக் கட்டுரையைத் தொடங்கும்போதே இன்னும் எவ்வளவு நீளம் என்று கடைசிவரை தள்ளிப் பார்த்தீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். நடுவில் இரண்டு பத்தியைத் தாண்டிக்கொண்டு வந்ததும் தெரியும். நாளைக்கு யாராவது உங்களிடம், "அதைப் படிச்சீங்களே, எவ்வளவு படிச்சீங்க?" என்று கேட்பார்கள். நீங்கள் என்ன எண் சொல்லப் போகிறீர்கள் என்று நான் இப்போதே எழுதி வைத்துவிட்டேன்.